பூட்டான்: மலை காத்த நாடும் வரி ரசீது பிரித்த மக்களும்

இமயமலையின் கிழக்குப் பகுதியில், சீனாவுக்கும் இந்தியாவுக்கும் நடுவே அமைந்துள்ள சிறிய நாடு பூட்டான். அங்குக் கடற்கரை கிடையாது. ரயில் பாதை கிடையாது. தலைநகர் திம்புவில் போக்குவரத்துச் சமிக்ஞை விளக்குகள்கூட இல்லை. முக்கியச் சந்திப்பில் காவல்துறை அதிகாரி நின்று கைகாட்டித்தான் வாகனங்களை அனுப்புகிறார்.

'மொத்தத் தேசிய மகிழ்ச்சி' என்ற கொள்கையால் உலகப் புகழ் பெற்ற நாடு அது. அதே நாட்டிலிருந்து 1990களின் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வெளியேறி அகதிகள் ஆனார்கள். அவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் உழுது பயிரிட்டவர்கள். பூட்டான் தன் காட்டையும் மொழியையும் உடையையும் காப்பாற்றிக்கொண்டதற்கும், தன் மக்களில் ஒரு பகுதியினரை இழந்ததற்கும் பின்னால் ஒரே அச்சம் இருந்தது. பெரிய அண்டை நாடுகளுக்கு நடுவே தானும் கரைந்துபோய்விடுவோமோ என்ற அச்சம் அது.

நிலமும் நீரும்

பூட்டானின் பரப்பளவு 38,394 சதுர கிலோமீட்டர். பகாங் மாநிலத்தைவிடச் சற்றே பெரியது. ஆனால், 2017ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 7 லட்சத்து 27 ஆயிரம் பேர் மட்டுமே. மலாக்கா மாநில மக்கள்தொகையைவிட இது குறைவு.

வடக்கே சீனாவின் ஆட்சியில் உள்ள திபெத். மற்ற மூன்று பக்கங்களிலும் இந்திய மாநிலங்கள். மேற்கே சிக்கிம், தெற்கே மேற்கு வங்காளமும் அசாமும், கிழக்கே அருணாசலப் பிரதேசம். மேற்கிலிருந்து கிழக்கே சுமார் 300 கிலோமீட்டர். வடக்கிலிருந்து தெற்கே ஏறக்குறைய அதில் பாதி. இந்தக் குறுகிய தூரத்திற்குள் நிலமட்டம் 200 மீட்டருக்கும் கீழிருந்து 7,500 மீட்டருக்கும் மேல் உயர்ந்துவிடுகிறது.

இந்தச் சரிவை மூன்று படிகளாகப் பார்க்கலாம். தெற்கே வெப்பமும் மழையும் மிகுந்த அடிவாரக் காடுகள். யானையும் புலியும் நடமாடும் அந்தப் பகுதியில்தான் ஆரஞ்சு, பாக்கு, ஏலக்காய் விளைகின்றன. நடுவே பாரோ, திம்பு, புனாக்கா, பும்தாங் போன்ற பள்ளத்தாக்குகள். நெல்லும் கோதுமையும் விளையும் இப்பள்ளத்தாக்குகளில்தான் பழைய ஊர்களும் மடாலயங்களும் உள்ளன. வடக்கே ஆண்டு முழுவதும் பனி மூடிய மலைகள். அங்கு யாக் எருமை மேய்ப்பவர்களே பெரும்பாலும் வாழ்கிறார்கள்.

நாட்டின் மிக உயர்ந்த சிகரம் கங்கர் புன்சும். அதன் உயரம் 7,570 மீட்டர். மனிதக் கால் படாத சிகரங்களில் உலகிலேயே மிக உயர்ந்ததாக இது கருதப்படுகிறது. மலை உச்சிகளைத் தெய்வங்களின் இருப்பிடமாக மக்கள் நம்புவதால், 1994ஆம் ஆண்டு 6,000 மீட்டருக்கு மேல் மலையேறுவது தடை செய்யப்பட்டது. 2003இல் மலையேற்றம் முழுமையாகவே நிறுத்தப்பட்டது.

பனிமலைகளில் பிறக்கும் ஆறுகள் செங்குத்தான பள்ளத்தாக்குகள் வழியாகத் தெற்கே பாய்ந்து, இந்திய எல்லைக்கு அப்பால் பிரம்மபுத்திராவில் கலக்கின்றன. இந்த நீர்தான் நாட்டின் பெரிய செல்வம், ஆபத்தும் அதுதான். 1994 அக்டோபரில் லுக்யே என்ற பனிப்பாறை ஏரியின் கரை உடைந்து புனாக்கா பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது. 21 பேர் மாண்டனர். உலகம் வெப்பமடைந்து பனிப்பாறைகள் உருக உருக, இத்தகைய ஏரிகளைப் பற்றிய கவலையும் கூடுகிறது.

நாட்டின் நிலப்பரப்பில் எந்தக் காலத்திலும் 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் காடு இருக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டமே கூறுகிறது. இப்போது ஏறக்குறைய 70 விழுக்காடு காடாக உள்ளது. நாடு வெளியேற்றும் கரியமில வாயுவைவிட அதன் காடுகள் உறிஞ்சும் அளவு அதிகம்.

கோட்டைகள் கட்டிய துறவி

பூட்டான் மக்கள் தங்கள் நாட்டை 'ட்ருக் யுல்' என்று அழைக்கிறார்கள். இடிமுழக்க நாகத்தின் நாடு என்பது அதன் பொருள். கொடியில் இருப்பதும் அந்த நாகம்தான்.

பாரோவிலும் பும்தாங்கிலும் உள்ள மிகப் பழைய கோயில்கள் 7ஆம் நூற்றாண்டில் திபெத்திய மன்னர் சோங்சென் கம்போ கட்டியவை என்பது மரபு. 8ஆம் நூற்றாண்டில் பத்மசம்பவர் இங்கு வந்து தாந்திரீக பௌத்தத்தைப் பரப்பினார் என்று நம்பப்படுகிறது. பாரோவில் செங்குத்துப் பாறையில் ஒட்டியதுபோல நிற்கும் 'புலிக்குகை' மடாலயம், அவர் தியானம் செய்த குகையைச் சுற்றி 1692இல் எழுப்பப்பட்டது. 1998இல் தீக்கிரையான அது மீண்டும் கட்டப்பட்டது.

அக்காலத்தில் ஒவ்வொரு பள்ளத்தாக்கும் தனி நாடுபோல் இருந்தது. அவற்றை ஒன்றாக்கியவர் நவாங் நம்கியால் என்ற துறவி. 1616ஆம் ஆண்டு திபெத்தில் ஏற்பட்ட மடாலயப் பூசலால் அங்கிருந்து தப்பி வந்தவர் அவர். திபெத்தியப் படைகளைப் பலமுறை முறியடித்து, முக்கியப் பள்ளத்தாக்குகளில் கோட்டைகளைக் கட்டினார். ஒரே மதிலுக்குள் மடாலயமும் அரசாங்க அலுவலகமும் இயங்கும் அக்கோட்டைகளுக்கு 'சொங்' என்று பெயர். இன்றும் பல மாவட்ட நிர்வாகங்கள் இந்தக் கோட்டைகளுக்குள்ளேதான் நடக்கின்றன.

1651இல் நவாங் நம்கியால் இறந்தார். அவர் தியானத்தில் இருப்பதாகக் கூறி, அந்த மரணம் அரை நூற்றாண்டுக்கும் மேல் மறைத்து வைக்கப்பட்டது. ஒன்றுபட்ட நாடு மீண்டும் சிதறிவிடும் என்ற பயமே அதற்குக் காரணம்.

தேயிலைக்குப் போன அடிவாரம்

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பிரிட்டிஷாருடன் எல்லைத் தகராறு தொடங்கியது. மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் கணவாய் வாயில்களையும் அவற்றை ஒட்டிய வளமான அடிவாரத்தையும் 'துவார்' என்பார்கள். 1864-65இல் நடந்த துவார் போரில் பூட்டான் தோற்றது. சிஞ்சுலா ஒப்பந்தப்படி அந்த அடிவாரம் முழுவதும் பிரிட்டிஷார் கைக்குப் போனது. அதற்கு ஈடாக ஆண்டுதோறும் 50,000 ரூபாய் வரை தருவதாக ஏற்பாடு.

காட்டை வெட்டி அந்த மண்ணில் தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன. சோட்டாநாக்பூர் பகுதியிலிருந்து ஒராவோன், முண்டா, சந்தால் பழங்குடியினரைத் தோட்ட வேலைக்குக் கொண்டுவந்தார்கள். மேற்கு வங்காளத்தில் இன்று 'டுவார்ஸ்' தேயிலை என்று விற்கப்படுவது ஒருகாலத்தில் பூட்டான் ஆண்ட நிலத்தில் விளைவதுதான்.

1907 டிசம்பர் 17ஆம் தேதி, திரோங்சா பகுதியின் ஆளுநர் உக்யென் வாங்சுக் நாட்டின் முதல் மன்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1910இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி பூட்டானின் உள்விவகாரத்தில் பிரிட்டன் தலையிடாது. வெளியுறவில் பிரிட்டனின் ஆலோசனையைப் பூட்டான் கேட்கும். இந்தியா விடுதலை பெற்றபின் 1949இல் ஏறக்குறைய அதே ஏற்பாடு இந்தியாவுடன் தொடர்ந்தது. 2007இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டு அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது.

மூடியிருந்த கதவைத் திறக்க வைத்தது வடக்கே நடந்த மாற்றம். திபெத் சீனாவின் பிடிக்குள் வந்ததும் 1960இல் வடக்கு எல்லை மூடப்பட்டது. உப்பும் கம்பளியும் வந்த பழைய வணிகப் பாதை நின்றுபோனது. மூன்றாம் மன்னர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக் தெற்கே திரும்பினார். கொத்தடிமை முறையை ஒழித்து, 1953இல் தேசியப் பேரவையை அமைத்தவர் அவர். இந்தியாவின் உதவியோடு 1961இல் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. எல்லை நகரமான புன்சோலிங்கிலிருந்து திம்புவுக்கு முதல் மோட்டார் சாலை போடப்பட்டது. 1971இல் பூட்டான் ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் சேர்ந்தது.

மூன்று பெரும் சமூகங்கள்

மேற்கிலும் நடுப்பகுதியிலும் வாழ்வோர் நாலொங் மக்களும் அவர்களை ஒத்த சமூகத்தினரும். அரச குடும்பமும் ஆட்சி அதிகாரமும் பெரும்பாலும் இவர்களைச் சார்ந்தவை. இவர்கள் பேசும் சொங்கா மொழியே தேசிய மொழி. கிழக்கே வாழ்வோர் சார்ச்சோப் மக்கள். இவர்களது மொழி ட்சாங்லா. தெற்கே நேப்பாளி பேசும், பெரும்பாலும் இந்து சமயத்தைச் சேர்ந்த லோட்சாம்பா மக்கள் வாழ்கிறார்கள். 'லோட்சாம்பா' என்றால் தெற்கத்தியர் என்று பொருள். இவை தவிர இன்னும் பல சிறிய மொழிகள் வழங்குகின்றன. பள்ளிகளில் பாடமொழி ஆங்கிலம்.

ஆண்கள் அணியும் 'கோ', பெண்கள் அணியும் 'கீரா' ஆகியவை தேசிய உடைகள். அரசு அலுவலகத்திலும் பள்ளியிலும் இவற்றை அணிவது கட்டாயம். அன்றாட உணவு சிவப்பரிசிச் சோறும், மிளகாயைப் பாலாடைக்கட்டியோடு வேகவைத்த 'எமா தாட்சி'யும். அங்கே மிளகாய் காரத்துக்குச் சேர்க்கும் பொருள் மட்டுமன்று, அதுவே காய்கறி. தேசிய விளையாட்டு வில்வித்தை. மேற்கிலும் நடுப்பகுதியிலும் வீடும் நிலமும் பெரும்பாலும் மகள் வழியாகவே செல்கின்றன.

1958ஆம் ஆண்டின் ரசீது

நேப்பாளி பேசும் மக்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தெற்கில் குடியேறினார்கள். மலேரியா மிகுந்த அந்த அடிவாரக் காட்டுக்கு மலைவாசிகள் இறங்கி வரத் தயங்கினார்கள். நேப்பாளிகள் காட்டைத் திருத்தி வயலும் தோட்டமும் ஆக்கி, அரசுக்கு வரி கட்டினார்கள். 1958இல் வந்த சட்டத்தின் மூலம் அவர்களில் பலருக்குக் குடியுரிமை கிடைத்தது. அரசுப் பணியிலும் பேரவையிலும் அவர்கள் இடம்பெற்றார்கள்.

நிலைமை மாறியதற்கு அண்டைப் பகுதிகளில் நடந்த நிகழ்வுகளும் காரணம். சிக்கிமும் பூட்டானைப் போலவே பௌத்த மன்னர் ஆண்ட நாடு. அங்கு நேப்பாளிகள் பெரும்பான்மை ஆனார்கள். 1975இல் அந்த நாடு இந்தியாவின் ஒரு மாநிலமாகிவிட்டது. 1980களில் டார்ஜிலிங்கில் கூர்க்காலாந்து போராட்டம் வெடித்தது. அடுத்தது தங்கள் நாடுதான் என்ற எண்ணம் திம்புவின் ஆட்சியாளர்களிடையே வலுத்தது.

1985ஆம் ஆண்டு புதிய குடியுரிமைச் சட்டம் வந்தது. அதன்படி, தாய் தந்தை இருவரும் குடிமக்களாக இருந்தால்தான் பிள்ளை பிறப்பால் குடிமகன் ஆகலாம். மற்றவர்கள் 1958 டிசம்பர் 31ஆம் தேதிக்குள் பூட்டானில் குடியிருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

1988இல் தெற்கில் கணக்கெடுப்பு நடந்தது. அதிகாரிகள் கேட்டது 1958ஆம் ஆண்டின் நிலவரி ரசீதை. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு காகிதம். கையில் குடியுரிமை அட்டை வைத்திருந்தவர்களும் அதைக் காட்ட வேண்டியிருந்தது. மக்கள் ஏழு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டார்கள். முதல் பிரிவு உண்மையான பூட்டானியர். ஏழாவது பிரிவு வெளிநாட்டினர். ஒரே வீட்டில் கணவர் ஒரு பிரிவிலும் மனைவி வேறொரு பிரிவிலும் வைக்கப்பட்டார்கள்.

அதே காலத்தில் தேசிய உடையும் நடத்தை விதிகளும் எல்லா மக்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டன. தெற்கின் வெப்பத்தில் வேலை செய்வோருக்கும், மலைக்குளிருக்கு ஏற்ற கனத்த உடைதான். 1989இல் பள்ளிகளிலிருந்து நேப்பாளி மொழிப் பாடம் நீக்கப்பட்டது.

கணக்கெடுப்பைப் பற்றி மன்னரிடம் மனு கொடுத்த அரச ஆலோசகர் தெக் நாத் ரிசால் கைது செய்யப்பட்டார். பிறகு நேப்பாளத்திற்குச் சென்ற அவர், அங்கிருந்து பிடித்து வரப்பட்டு, ஏறக்குறைய பத்து ஆண்டு சிறையில் இருந்து 1999 டிசம்பரில் விடுதலையானார்.

1990இல் தெற்கில் பெரிய ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. சில இடங்களில் வன்முறையும் நிகழ்ந்தது. அரசு கடுமையாக ஒடுக்கியது. தெற்கின் பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் மூடப்பட்டன. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும் வேலையில் சேரவும் காவல்துறையின் நற்சான்றுக் கடிதம் கேட்கப்பட்டது. ஆர்ப்பாட்டக்காரர்களின் உறவினர்களுக்கு அது கிடைக்கவில்லை. சொந்த விருப்பத்தின்பேரில் நாட்டை விட்டுப் போவதாகப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தங்களை அனுப்பிவிட்டதாக வெளியேறியவர்கள் பின்னர் கூறினார்கள். அவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள் அல்லது தாமாகவே போனவர்கள் என்பது பூட்டான் அரசின் நிலைப்பாடு.

முகாமிலிருந்து உலகெங்கும்

பூட்டானுக்கும் நேப்பாளத்துக்கும் பொது எல்லை கிடையாது. வெளியேறியவர்கள் இந்திய மண்ணைக் கடந்து நேப்பாளத்தின் கிழக்குக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முதலில் மாய் ஆற்றங்கரையில் மூங்கிலும் பிளாஸ்டிக்கும் கொண்டு குடிசை போட்டார்கள். நோயில் பலர் இறந்தனர். பின்னர் ஐக்கிய நாட்டு அகதிகள் அமைப்பு ஜாப்பா, மோரங் மாவட்டங்களில் முகாம்களை அமைத்தது. அகதிகளே ஆசிரியர்களாகி முகாம் பள்ளிகளை நடத்தினார்கள்.

நேப்பாளமும் பூட்டானும் பத்துக்கும் மேற்பட்ட சுற்றுப் பேச்சுவார்த்தை நடத்தின. 2003இல் ஒரு முகாமில் மட்டும் இரு நாடுகளும் கூட்டாகச் சரிபார்ப்பு நடத்தி முடிவை வெளியிட்டன. வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்ட பூட்டானியர் என்று ஏற்கப்பட்டோர் வெறும் 2.4 விழுக்காட்டினர். பெரும்பான்மையினர் தாமாகவே வெளியேறியவர்களாக வகைப்படுத்தப்பட்டார்கள். அந்த 2.4 விழுக்காட்டினரும்கூட ஊர் திரும்பவில்லை.

2007ஆம் ஆண்டின் இறுதியில் மூன்றாம் நாடுகளில் குடியமர்த்தும் திட்டம் தொடங்கியது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து உள்ளிட்ட எட்டு நாடுகள் 1 லட்சத்து 13 ஆயிரத்துக்கும் அதிகமானோரை ஏற்றுக்கொண்டன. பெரும்பாலோர் அமெரிக்கா சென்றனர். ஒஹாயோ, பென்சில்வேனியா மாநிலங்களின் தொழில் நகரங்களில் இன்று நேப்பாளி மளிகைக் கடைகளும் கோயில்களும் உள்ளன. ஊர் திரும்பியே தீருவோம் என்று மறுத்த முதியவர்களும் பதிவு கிடைக்காதவர்களுமாகச் சில ஆயிரம் பேர் இன்னும் நேப்பாள முகாம்களில் இருக்கிறார்கள்.

2025இல் இந்தக் கதை எதிர்த் திசையில் திரும்பியது. குற்ற வழக்குகளில் சிக்கிய சிலரை அமெரிக்கா பூட்டானுக்கே நாடு கடத்தியது. பூட்டான் அவர்களை இந்திய எல்லைக்கு அனுப்பிவிட்டது. அங்கிருந்து நேப்பாளத்துக்குள் வந்த சிலரை, அனுமதியின்றி நுழைந்ததாக நேப்பாளக் காவல்துறை பிடித்தது. பிறந்த நாடும் வளர்ந்த நாடும் குடியேறிய நாடும் தமதில்லை என்று கைவிட்ட நிலை.

மகிழ்ச்சியும் மின்சாரமும்

நான்காம் மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக் 1972இல் பதவியேற்றார். நாட்டின் வளர்ச்சியைப் பணத்தால் மட்டும் அளக்கக் கூடாது; மக்களின் உடல்நலம், கல்வி, பண்பாடு, சுற்றுச்சூழல், நல்லாட்சி ஆகியவற்றையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்பது அவர் முன்வைத்த 'மொத்தத் தேசிய மகிழ்ச்சி'க் கொள்கை. 1999இல்தான் தொலைக்காட்சியும் இணையமும் நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்டன. அடிப்படை மருத்துவமும் பள்ளிக் கல்வியும் இலவசம்.

தெற்கிலிருந்து மக்கள் வெளியேறியதும் இதே மன்னரின் காலத்தில்தான். தன் அதிகாரத்தைத் தானே குறைத்துக்கொண்டு மக்களாட்சிக்கு வழிவிட்டவரும் அவர்தான். 2006இல் மகன் ஜிக்மே கேசர் நம்கியால் வாங்சுக்கிடம் அரியணையை ஒப்படைத்தார். 2008இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. அரசமைப்புச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் நடந்த ஒவ்வொரு தேர்தலிலும் ஆளுங்கட்சி மாறியிருக்கிறது. நாட்டில் தங்கிவிட்ட லோட்சாம்பா மக்களும் வாக்களிக்கிறார்கள். நாடாளுமன்றத்திலும் அமைச்சரவையிலும் இடம்பெற்றிருக்கிறார்கள். தசராவுக்குப் பொது விடுமுறையும் உண்டு. அதே வேளையில், பல பத்தாண்டுகளாகச் சிறையில் இருக்கும் அரசியல் கைதிகள் முப்பதுக்கும் மேற்பட்டோர் என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2023இல் தெரிவித்தது.

பொருளாதாரம் பெரிதும் நீர்மின்சாரத்தை நம்பியிருக்கிறது. 336 மெகாவாட் சுக்கா, 1,020 மெகாவாட் தாலா, 720 மெகாவாட் மாங்தேசூ நிலையங்கள் இந்தியாவின் உதவியோடு கட்டப்பட்டவை. மழைக்காலத்தில் மிஞ்சும் மின்சாரம் இந்தியாவுக்கு விற்கப்படுகிறது. ஆறுகள் வற்றும் குளிர்காலத்தில் அங்கிருந்தே வாங்கப்படுகிறது. 2008இல் தொடங்கிய 1,200 மெகாவாட் புனாட்சாங்சூ திட்டம் மலைச்சரிவால் பல ஆண்டுகள் தாமதமானது. பூட்டானின் நாணயமான நுல்ட்ரமும் இந்திய ரூபாயின் மதிப்போடு சமமாகக் கட்டப்பட்டுள்ளது.

சீனாவுடன் பூட்டானுக்கு இன்றுவரை முறையான தூதரக உறவு இல்லை. எல்லைப் பேச்சுவார்த்தை 1984 முதல் நடக்கிறது. 2017இல் டோக்லாம் மேட்டுநிலத்தில் சீனா சாலை போட முயன்றபோது, இந்தியப் படையும் சீனப் படையும் 73 நாள்கள் நேருக்கு நேர் நின்றன. அந்த நிலத்துக்கு உரிமை கோரும் பூட்டான், இரு பெரிய படைகளுக்கு நடுவே காத்திருக்க வேண்டியிருந்தது.

தெற்கே எழும் புதிய நகரம்

2023 டிசம்பரில் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் மிகப் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து பூட்டான் வெளியேறியது. ஆனால், படித்த இளையர்களுக்குப் போதிய வேலை இல்லை. ஆசிரியர்களும் தாதியரும் அரசு ஊழியர்களும் ஆயிரக்கணக்கில் ஆஸ்திரேலியா சென்றுகொண்டிருக்கிறார்கள். ஒருகாலத்தில் மக்களை வெளியேற்றிய நாடு, இப்போது போகும் மக்களைத் தடுத்து நிறுத்த வழி தேடுகிறது.

அதற்கு மன்னர் 2023 டிசம்பர் 17ஆம் தேதி அறிவித்த திட்டம்தான் கெலெபு 'மனநிறைவு நகரம்'. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பில், அதாவது சிங்கப்பூரைவிடப் பெரிய நிலப்பரப்பில், தனிச் சட்டங்களோடு அது அமையவிருக்கிறது. அனைத்துலக விமான நிலையமும் இந்தியாவுடன் ரயில் இணைப்பும் திட்டத்தில் உள்ளன. வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அழைப்பு விடுக்கப்பட்டுள்ளது.

கெலெபு இருப்பது தெற்கு எல்லையில், சார்பாங் மாவட்டத்தில். 1990களில் லோட்சாம்பா மக்கள் பெருமளவில் வெளியேறிய மாவட்டங்களில் அதுவும் ஒன்று. அவர்கள் காட்டைத் திருத்திப் பயிரிட்ட நிலங்கள் அந்த மாவட்டத்தில்தான் உள்ளன. அந்த நிலத்துக்கு வரி கட்டியதற்கான ரசீதுகளைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் முதியவர்கள் நேப்பாள முகாம்களில் இன்னும் காத்திருக்கிறார்கள். புதிய நகரத்தின் திட்டங்களில் அவர்கள் திரும்பி வருவதைப் பற்றி இதுவரை எந்த அறிவிப்பும் இல்லை.